மேளத்தை எடுத்துவிட்டுக் கேளுங்கள்

குலசை தசராக் குழுக்களில் டிரம்ஸ் வாசிக்கும் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

முத்தாரம்மன் கோயிலில் தசராக் கொடி ஏறியதும் குலசை எனப்படும் குலசேகரன்பட்டினத்திலும், திருச்செந்தூர், உடன்குடி வட்டார ஊர்களிலும் எந்தத் தெருவில் நின்றாலும் ஏதோ ஒரு மேளம் காதில் விழும். காப்புக் கட்டியவர்கள் காளி, ராஜா, போலீஸ், குரங்கு என்று வேடம் பூண்டு ஊர் ஊராகப் போய் அம்மனுக்குக் காணிக்கை பிரிப்பார்கள். ஒவ்வொரு குழுவையும் நடத்திக்கொண்டு போவது மேளம்தான். தவில், பம்பை, தப்பு, செண்டை என்று பலவிதக் கருவிகள் வருகின்றன. கழுத்தில் தொங்கவிட்டோ லோடு வண்டியில் கட்டியோ டிரம்ஸும் வருகிறது. பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம் முடிகிறவரை அந்தக் குச்சிகள் ஓய்வதில்லை. அவற்றைப் பிடிக்கும் உங்களிடம் ஒரே ஒரு விஷயம் பேசத்தான் இந்த மடல். இந்தத் தசரா முடிந்து அடுத்த தசரா வரும்வரை உள்ள மாதங்களில், டிரம்ஸை மட்டும் நீக்கிவிட்ட ஃபங்க் இசை டிராக்குகளோடு தினமும் வாசித்துப் பழகுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். குலசை மேளத்துக்கும் அமெரிக்க ஃபங்குக்கும் என்ன சம்பந்தம், பத்து நாள் ஊர்வலத்தில் கிடைக்காத எந்தப் பாடம் அந்த டிராக்கில் கிடைத்துவிடப் போகிறது என்று நீங்கள் கேட்கலாம். இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

முதல் கேள்விக்கான பதில் தெருவில் இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸ் அமெரிக்காவின் தெற்கிலுள்ள துறைமுக நகரம். சாவு ஊர்வலமோ சங்க விழாவோ எதுவானாலும் அங்கே பித்தளைக் கருவிகள் ஊதும் பேண்டு முன்னால் போகும். அதில் ஒருவர் ஸ்நேர் டிரம்மைத் தொங்கவிட்டு வாசிப்பார். இன்னொருவர் பெரிய பேஸ் டிரம்மைச் சுமந்து வருவார். பேண்டுக்குப் பின்னால் ஆடிக்கொண்டே வரும் ஜனங்களுக்கு ‘இரண்டாம் வரிசை’ என்று பெயர். அவர்களை ஆடவைத்த தாளத்துக்கும் பிறகு அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஸ்நேர்க்காரர், பேஸ் டிரம்காரர் இருவர் வேலையையும் ஒருவரே உட்கார்ந்து செய்ய வழி தேடியபோது பிறந்ததுதான் டிரம் செட். 1909-இல் சிகாகோவில் லுட்விக் சகோதரர்கள் காலால் மிதிக்கும் பேஸ் டிரம் பெடலைச் செய்து விற்கத் தொடங்கியதும் அந்த வழி எல்லோருக்கும் திறந்தது. நீங்கள் ‘செட்’ என்று சொல்கிற கருவி, தெருவில் நடந்துபோன பேண்டை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்த ஏற்பாடு. அறுபதுகளில் அதே ஊரில் மீட்டர்ஸ் என்ற ஃபங்க் குழுவின் டிரம்மர் ஜிகாபூ மோடலிஸ்ட், இரண்டாம் வரிசைத் தாளத்தைச் செட்டுக்குள் கொண்டுவந்தார். 1969-இல் வெளிவந்த அவர்களுடைய ‘சிஸ்ஸி ஸ்ட்ரட்’டைக் கேட்டுப் பாருங்கள். கால் எடுத்து வைப்பதற்கும் ஊன்றுவதற்கும் நடுவில் ஒரு சின்னத் தொங்கல் இருக்குமே, அது அந்தத் தாளத்தில் கேட்கும். நடந்துகொண்டே, ஆடுகிறவனைப் பார்த்துக்கொண்டே வாசித்துப் பழகிய உடம்புக்கு அது அந்நியமான சங்கதி அல்ல.

ஃபங்க் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், என் வாதம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. 1967-இல் அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் ‘கோல்ட் ஸ்வெட்’ என்ற பாடலைப் பதிவுசெய்தார். அதில் கிடாரும் ஊதுகுழல்களும் பேஸும் எல்லாமே தாளக் கருவியைப் போல நடந்துகொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று அடி, அவ்வளவுதான். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் விழுகிறார். முதல் அடியில் மட்டும் எல்லோரும் ஒன்றாக வந்து இறங்குகிறார்கள். நம் தென்மாவட்டங்களில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். குடம் ஒரு கணக்கில் போகும், உடுக்கை ஒரு கணக்கில், வில்லின் மணிகளும் கட்டையும் சால்ராவும் தத்தம் கணக்கில். தனித்தனியாகக் கேட்டால் எதுவும் பெரிய வித்தை இல்லை, சேர்ந்து கேட்டால் துணி நெய்த மாதிரி இருக்கும். அந்தப் பாடலில் டிரம்ஸ் வாசித்தவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். சிறுவயதில் ஆலை இயந்திரங்களும் ரயிலும் எழுப்பிய சத்தத்திலிருந்து தாளம் பிடித்ததாகச் சொன்னவர் அவர். அவர் வாசிப்பில் உரத்த அடிகளைவிட, ஸ்நேரில் குச்சி தொட்டும் தொடாமலும் விழும் மெல்லிய அடிகள்தான் அதிகம். டிரம்மர்கள் அதைக் கோஸ்ட் நோட் என்கிறார்கள். கேட்கிறவன் அதைத் தனியாகக் கவனிக்க மாட்டான், ஆனால் அதை எடுத்துவிட்டால் தாளம் நொண்டும்.

ஸ்டபிள்ஃபீல்டின் இன்னொரு பதிவு 1969 நவம்பரில் நடந்தது. ‘ஃபங்கி டிரம்மர்’ என்ற அந்தப் பாடலில் ஓரிடத்தில் ஜேம்ஸ் பிரவுன் மற்ற எல்லோரையும் நிறுத்திவிட்டு டிரம்மரை மட்டும் விடுகிறார். விடுவதற்கு முன்பே, தனி ஆவர்த்தனமெல்லாம் வேண்டாம், வாசித்துக்கொண்டிருந்ததையே வாசி என்று சொல்லிவிடுகிறார். ஸ்டபிள்ஃபீல்ட் அப்படியே செய்கிறார்: எட்டு பார், சுமார் 20 நொடி, ஒரு அடி கூடவும் இல்லை குறையவும் இல்லை. பின்னாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் வெட்டி எடுத்து ஒட்டப்பட்டது அந்த 20 நொடிதான். (அதற்கான பலன் அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லாததால் உரிமைத் தொகை வேறு பக்கம் போனது. மேளக்காரன் பெயர் விடுபடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது.) மற்றவர்கள் எல்லாம் நின்ற பிறகும் அந்த வாசிப்பு ஏன் அப்படியே நின்றது? அவர்கள் வாசித்துக்கொண்டிருந்தபோதே அவர் அவர்களுக்கு இடம்விட்டு வாசித்ததால். அவர்கள் போன பின்பும் அந்த இடங்கள் அதே அளவில் திறந்தே இருந்தன. கேட்கிறவன் காதில் பேஸும் கிடாரும் தாமாகவே ஓடின.

இடம்விடுவதுதான் உடம்பை ஆடவைக்கிறது என்பது ருசி பற்றிய பேச்சு மட்டுமல்ல. மரியா விட்டெக் என்ற ஆய்வாளரும் உடன் பணிபுரிந்தவர்களும் 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 50 டிரம்ஸ் துண்டுகளைக் கேட்கவைத்து, எதைக் கேட்டால் ஆடத் தோன்றுகிறது, எது இன்பமாக இருக்கிறது என்று கேட்டார்கள். அவற்றில் பல உண்மையான ஃபங்க் பதிவுகளிலிருந்து எடுத்தவை. எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்தபடி அடி விழும் நேரான தாளங்களுக்கு மதிப்பெண் குறைவு. அடிகள் ஏறுக்குமாறாக நெருக்கியடித்து விழும் சிக்கலான தாளங்களுக்கும் குறைவு. நடுவில் நின்றவற்றுக்குத்தான் அதிகம்: அடிப்படை அடி புரிகிற அளவுக்கு நேர்த்தி, அடுத்ததைக் கேட்பவன் தன் உடம்பால் நிரப்பிக்கொள்கிற அளவுக்கு இடைவெளி. குலசையில் வேடம் கட்டி ஆடுகிறவர்களை நினைத்துக்கொண்டு இந்த முடிவை யோசித்துப் பாருங்கள். நீங்கள் எல்லா இடத்தையும் அடித்து நிரப்பிவிட்டால் அவர்கள் காலுக்கு என்ன வேலை மிச்சம்?

இப்போது ஊர்வலத்துக்கு வருகிறேன். ஊர்வலம் பெரிய பள்ளிக்கூடம். அது கற்றுத்தருவதை எந்த அறையும் கற்றுத்தராது. மணிக்கணக்கில் நிற்காமல் வாசிக்கும் தெம்பு, வெயில், கூட்டம், ஆடுகிறவன் கண்ணைப் பார்த்துத் தாளத்தைத் திருப்பும் சாமர்த்தியம் எல்லாம் அங்கேதான் வரும். ஆனால் உங்கள் தாளம் சரியாக இருக்கிறதா என்பதை மட்டும் ஊர்வலம் உங்களுக்குச் சொல்லவே சொல்லாது. அங்கே நீங்கள்தான் தலைவர். நீங்கள் வேகமெடுத்தால் எல்லோரும் வேகமெடுப்பார்கள்; நீங்கள் தளர்ந்தால் எல்லோரும் தளர்வார்கள். தப்பு செய்தவனும் அவனைப் பின்பற்றியவனும் ஒன்றாகவே போவதால் தப்பு யார் கண்ணுக்கும் தெரியாது. இதற்குமேல் ஒலியின் இயல்பும் சேர்கிறது. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். உங்கள் தாளம் நிமிடத்துக்கு 100 அடி என்றால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே 0.6 நொடி, அதைத் ‘தகதிமி’ என்று நான்காகப் பிரித்தால் ஒவ்வோர் எழுத்துக்கும் 0.15 நொடி. உங்களுக்கு 51 மீட்டர் தள்ளி வருகிறவர் காதில் உங்கள் அடி விழ அதே 0.15 நொடி ஆகிறது. நீங்கள் ‘த’ அடித்தால் அவர் அதை உங்கள் ‘க’ விழும் நேரத்தில் கேட்கிறார். அவர் கையில் சால்ராவோ இன்னொரு மேளமோ இருந்து, கேட்டபடியே அடித்தால், அது உங்கள் காதுக்குத் திரும்பி வருவதற்குள் இன்னொரு 0.15 நொடி. நீண்ட குழுக்களில் தாளம் கூழாவது யாருடைய திறமைக் குறைவாலும் அல்ல. இந்தக் குழப்பத்துக்குள் பத்து நாள் இருந்துவிட்டு வருகிற காதுக்கு, அடி எங்கே விழுகிறது என்று துல்லியமாகக் காட்டுகிற ஓர் அமைதியான இடம் வேண்டும்.

டிரம்ஸ் நீக்கிய டிராக் அந்த இடம். அதில் பேஸ் கிடார் ஓடும், கிடார் கீறும், ஊதுகுழல்கள் விட்டு விட்டு வெட்டும்; டிரம்ஸ் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். டிராக் உங்களுக்காக நிற்காது, உங்களைப் பின்பற்றவும் செய்யாது. நீங்கள் ஓடினால் இரண்டாவது பாரிலேயே பேஸோடு கால் இடறும், தளர்ந்தாலும் அப்படியே. எல்லோரும் உங்கள் பின்னால் வந்துகொண்டிருந்த நிலைமை போய், முதன்முறையாக நீங்கள் இன்னொருவர் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிறீர்கள். இதற்கு மெட்ரோனோம் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. மெட்ரோனோம் நல்ல கருவி. அதை விடச் சொல்லவில்லை. ஆனால் கிளிக் சத்தத்துக்குத் தட்டச் சொன்னால் மனிதர்கள் கிளிக்குக்குச் சற்று முன்பே, ஒரு நொடியின் நூற்றில் சில பங்கு முன்பே தட்டிவிடுகிறார்கள் என்பது ஆய்வாளர்களுக்கு நூறாண்டுக்கு மேலாகத் தெரிந்த விஷயம். இரண்டு கிளிக்குக்கு நடுவிலுள்ள நேரத்தைச் சின்னச் சின்ன ஒலிகள் நிரப்பினால் அந்த முந்தல் குறைகிறது என்பதும் சோதித்து அறியப்பட்டதுதான். இசை செய்வது அதைத்தான். கிளிக் உங்களுக்கு மைல்கல்லைக் காட்டுகிறது, பேஸும் கிடாரும் இரண்டு மைல்கல்லுக்கு நடுவிலுள்ள ரோட்டைக் காட்டுகின்றன. இன்னொரு வழி, டிரம்ஸோடு இருக்கிற முழுப் பாட்டுக்கே வாசிப்பது. எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறோம். அதில் ஒரு வம்பு இருக்கிறது: நீங்கள் தவறவிடுகிற அடியைப் பாட்டிலுள்ள டிரம்மர் போட்டுவிடுகிறார், உங்கள் ஓட்டையை அவர் வாசிப்பு மூடிவிடுகிறது, காதுக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே படுகிறது. அவரை எடுத்துவிட்டால்தான் உங்கள் வாசிப்பின் உண்மையான உருவம் தெரியும்.

இது நேற்று முளைத்த யோசனையும் அல்ல, வெள்ளைக்காரன் மட்டும் கண்டுபிடித்ததும் அல்ல. வடநாட்டில் தபலா பயில்கிறவர்களுக்குப் பின்னால் சாரங்கியோ ஹார்மோனியமோ ஒரே ஒரு மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கும். லஹரா என்று அதற்குப் பெயர். தாளத்தின் ஆவர்த்தனம் முழுவதையும் அந்த மெட்டு சுமக்கும். தபலாக்காரர் அதற்குள் தன் கணக்குகளைப் போட்டுவிட்டு, சமத்தில் மெட்டோடு வந்து சேர வேண்டும். தாளக் கருவியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வாசித்துத் தருகிற ஏற்பாடு என்று பார்த்தால், டிரம்ஸ் இல்லாத டிராக்கின் மூத்த அண்ணன் அதுதான். அமெரிக்காவில் இர்விங் கிராட்கா என்பவர் 1950-இல் ‘மியூசிக் மைனஸ் ஒன்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ஒரு கருவியை மட்டும் விட்டுவிட்டுப் பதிந்த இசைத்தட்டுகளை விற்றார். நம் மேடைக் கச்சேரிக்காரர்கள் ‘மைனஸ் ஒன்’ என்று சொல்வது அங்கிருந்து வந்த வழக்குதான். அந்தக் காலத்தில் யாராவது பதிந்து விற்றால்தான் உண்டு. 2019-இல் டீஸர் என்ற பிரெஞ்சு நிறுவனம் ‘ஸ்ப்ளீட்டர்’ என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. எந்தப் பாட்டையும் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று அது நான்காகப் பிரித்துத் தரும். அந்த வகைச் செயலிகள் இன்று கைபேசியிலேயே ஓடுகின்றன. எண்பதுகளில் இளையராஜா பாடல்களுக்குப் புருஷோத்தமன் வாசித்த டிரம்ஸை அப்படி நீக்கிவிட்டு, அடியில் ஓடும் பேஸ் கிடாரை மட்டும் நம்பி ஒரு பல்லவி வாசித்துப் பாருங்கள். அந்த மனிதர் எவ்வளவு அடக்கி வாசித்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைக்கும்.

எப்படிப் பழகுவது என்பதில் எனக்குச் சில உறுதியான கருத்துகள் உண்டு. ஒரு மாதத்துக்கு ஒரே டிராக் போதும். தினம் ஒன்றை மாற்றுகிறவனுக்கு எதுவும் கையில் நிற்காது. நிமிடத்துக்கு 80, 90 அடியில் போகிற டிராக்காக எடுங்கள். வேகமான தாளத்தில் ஒளிந்துகொள்ளலாம், மெதுவான தாளத்தில் முடியாது. முதல் மூன்று நாள் குச்சியைத் தொடாதீர்கள். பேஸ் வரியை வாயால் பாடுங்கள், கையால் தொடையில் முதல் அடியை மட்டும் போடுங்கள், நடுவில் ‘தகதிமி’ ஓடட்டும். பிறகு பேஸ் டிரம்மை மட்டும் சேருங்கள், அதுவும் பேஸ் கிடார் விழும் இடங்களில் மட்டும். அப்புறம் ஸ்நேர், இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும். கோஸ்ட் நோட்டெல்லாம் கடைசியில்தான். சொற்கட்டு தெரிந்தவர்களுக்கு அது சுலபம்: ‘தகதிமி’யில் ‘த’வை வாய்விட்டுச் சொல்லி மற்ற மூன்றையும் முணுமுணுத்துப் பாருங்கள், கை தானாகவே அந்த அளவைப் பிடிக்கும். ஒரு ஃபில்கூட இல்லாமல் அந்த ஒரே கணக்கைப் பத்து நிமிடம் வாசியுங்கள். நான்காவது நிமிடத்தில் கை எதையாவது கூட்டத் துடிக்கும். பயிற்சி அந்த நிமிடத்தில்தான் தொடங்குகிறது. வாசித்ததைக் கைபேசியில் பதிந்து மறுநாள் கேளுங்கள்; வாசிக்கும்போது கேட்கிற காது வேறு, சும்மா உட்கார்ந்து கேட்கிற காது வேறு. இன்னும் இரண்டு சங்கதிகள். புளூடூத் ஹெட்செட் வேண்டாம். ஒலி அதில் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தாமதமாகத்தான் வரும், இவ்வளவு பாடும் அதில் வீணாகும். வயர் உள்ளதை மாட்டுங்கள், சத்தத்தைக் குறைவாக வையுங்கள். 85 டெசிபலில் எட்டு மணிநேரம் வரை இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். டிரம்ஸ் அதைச் சுலபமாகத் தாண்டும். தசரா நாட்களில் நீங்கள் காதுக்கு என்ன செய்கிறீர்கள் என்பதை நினைத்தால் எனக்குப் பயமாகவே இருக்கிறது.  காது அடைப்பான் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் மிகக் கனமானது ஒன்று. அருள் வந்து ஆடுகிறவருக்கு முன்னால் வாசிப்பது டிராக்குக்கு வாசிப்பதுபோல் அல்ல, அங்கே தாளம் ஏற வேண்டும், இறங்க வேண்டும், சில நேரம் சட்டென்று நிற்க வேண்டும், அசையாத டிராக்கில் பழகினவன் அங்கே மரக்கட்டையாகிவிடுவான் என்பது அது. இதில் பாதி உண்மை, அதை ஒப்புக்கொள்கிறேன். டிராக்குக்குக் கண் இல்லை. ஆடுகிறவர் முகத்தைப் படிக்கிற வித்தையை அது தராது. அதைக் குழுவோடு, பெரியவர்கள் பக்கத்தில் நின்றுதான் கற்க வேண்டும். நாள் முழுக்க டிராக்கோடு மட்டும் கிடக்கிறவனைப் பற்றி எனக்கும் நல்ல அபிப்பிராயம் இல்லை. ஆனால் தாளத்தை ஏற்றுவது வேறு, தாளம் தானாக ஏறிவிடுவது வேறு. பதற்றத்தில், களைப்பில், கூட்டத்தின் கூச்சலில் தாளம் தானாக ஓடுவதைத்தான் நாம் பலசமயம் உக்கிரம் என்று நினைத்துக்கொள்கிறோம். நூறைப் பிடித்து நிற்கத் தெரிந்தவனுக்குத்தான் நூற்றி நாலுக்கும் நூற்றிப் பத்துக்கும் வித்தியாசம் தெரியும். அவன் ஏற்றும்போது ஒவ்வொரு படியாக ஏறும், ஆடுகிறவரும் கூடவே ஏறுவார். பிடித்து நிற்கத் தெரியாதவன் முதல் ஐந்து நிமிடத்திலேயே உச்சிக்குப் போய்விடுகிறான், அதற்குமேல் போக அவனிடம் எதுவும் மிஞ்சுவதில்லை.

நம்முடையதை விட்டுவிட்டு ஏன் அடுத்தவன் இசை என்பது இன்னொரு மறுப்பு. அம்மன் சந்நிதியில் ஃபங்க் வாசியுங்கள் என்று நான் சொல்லவில்லை. பயிற்சி அறையில் எடுக்கிற தண்டாலை யாரும் மேடையில் எடுப்பதில்லை. ஆனாலும் அந்த இசையை அடுத்தவனுடையது என்று ஒதுக்கிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் தெருவில் வைத்துக் காத்த தாளம் அது. கறுப்பராய் இருப்பது பெருமை என்று உரக்கச் சொல்லும் பாடலை 1968-இல் ஜேம்ஸ் பிரவுன் இந்தத் தாளத்தின் மேல்தான் ஏற்றினார். பறையை அடிப்பதே இழிவு என்று சொல்லப்பட்ட நாட்டில் இன்று பறையைத் தலைநிமிர்ந்து வாசிக்கிறவர்களுக்கு அந்தக் கதையை விளக்கத் தேவையில்லை. கணக்குப் பார்த்து வாசித்தால் உணர்ச்சி போய்விடும் என்பவர்களுக்கு ஒரே பதில், தவில். பல வருடம் சொற்கட்டை வாயால் சொல்லி, கணக்கிலேயே ஊறி வந்த தவில் வித்வான்கள் வாசித்தால் கோயில் வாசலில் நிற்கிறவனுக்கு மயிர்க்கூச்செறிகிறது. கணக்கு எந்த உணர்ச்சியையும் அங்கே தின்றுவிடவில்லை.

வசதி இல்லை என்பதை மறுப்பென்று சொல்ல மாட்டேன்; அது நிலைமை. செட் பலரிடம் சொந்தமாக இல்லை, திருவிழாவுக்கு வாடகைக்கு எடுப்பதுதான் வழக்கம். நல்ல வேளையாக இந்தப் பயிற்சிக்குச் செட் வேண்டியதில்லை. ஒரு ஜோடி குச்சி, பலகைமேல் இழுத்து ஒட்டிய ரப்பர், வலது குதிகால் தரையில், காதில் வயர் ஹெட்செட், கையில் ஏற்கெனவே இருக்கிற கைபேசி. பக்கத்து வீட்டுக்காரர் தூக்கமும் கெடாது. பத்து நாள் திருவிழாவுக்கு வருடம் முழுக்கப் பயிற்சியா என்று சிலர் சிரிக்கலாம். தசரா பத்து நாள்தான். மீதி நாட்களில் கல்யாண வீடு, கொடை விழா, இன்னிசைக் கச்சேரி, மணப்பாடு முதலான கடற்கரை ஊர்களின் தேவாலயப் பாடற்குழு என்று டிரம்மருக்கு வேலை இருக்கிறது. கச்சேரி மேடைகளில் இன்று பாதி இசை முன்பே பதிந்த டிராக்கில் வருகிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் காதில் கிளிக்கை மாட்டித்தான் உட்காரவைக்கிறார்கள். டிராக்கோடு ஒட்டி வாசிக்கத் தெரியாத கை, எவ்வளவு வேகமான கையாக இருந்தாலும், அங்கே மறுமுறை கூப்பிடப்படுவதில்லை. 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியபின் குலசை என்ற பேர் வெளியூர்க்காரர் வாயிலும் வருகிறது. இந்த ஊர் மேளத்துக்கும் அந்தப் பேர் கிடைக்க வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன். அதற்கான கை உங்களிடம் இருக்கிறது.

குழுக்களை நடத்தும் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை. வேடத்துக்கும் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் கணக்கு எழுதுகிறீர்கள். அந்தக் கணக்கில் மேளம் வாசிக்கும் பிள்ளைகளுக்கு நான்கு ஜோடி குச்சியும், காது அடைப்பான்களும், மாலையில் ஒரு மணிநேரம் உட்கார ஓர் அறையும் சேர்த்துவிடுங்கள். உங்கள் குழு முழுவதும் அந்தப் பிள்ளைகள் போடும் அடியில்தான் நடந்து போகிறது. தம்பிகளே, தங்கைகளே, இந்தத் தசராவில் சம்ஹாரம் முடிந்து காப்புக் களைந்த பிறகு ஒரு வாரம் காதுக்கும் மணிக்கட்டுக்கும் ஓய்வு கொடுங்கள். அடுத்த திங்கட்கிழமை மாலை ஒரு டிராக்கை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பேஸ் எங்கே விழுகிறது என்று முதலில் கேளுங்கள்.